அக்காவின் பெயரில் இருந்த வயல்

எனக்கு எழுத்து அழகு. அந்த ஒரு குற்றத்துக்காகத்தான் எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பில் என்னைச் செயலாளராகப் பிடித்துப் போட்டார்கள். தலைவராக வருவதற்கு ஆட்கள் அடிபட்டார்கள். பொருளாளர் பதவிக்கும் இரண்டு பேர் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். செயலாளர் யார் என்று கேட்டதும் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். "அவ ரீச்சர் மாதிரி எழுதுவா, அவ இருக்கட்டும்" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, கை தட்டி விஷயத்தை முடித்துவிட்டார்கள். இது நடந்து பன்னிரண்டு வருடமாகிறது. இன்றைக்கும் நான்தான் செயலாளர். அந்த எழுத்தால் நான் என்ன செய்து வைத்தேன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எங்கள் ஈச்சிலம்பற்றில் வயல் செய்கிறவர்களுக்குப் பசளை, அதாவது உரம், வாங்க அரசாங்கம் மானியம் தரும். அதற்கு ஒவ்வொரு போகமும் யார் எத்தனை ஏக்கர் விதைக்கிறார்கள் என்று ஊரிலிருந்து பட்டியல் போக வேண்டும். அந்தப் பட்டியலை எழுதுவது என் வேலை. கமநலக் கந்தோர் என்கிற விவசாய அலுவலகத்தில் தடித்த ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதே பெயர்தான் என் பட்டியலிலும் வர வேண்டும். சேற்றில் நிற்கிற ஆள் வேறாக இருக்கலாம். அதைப் பற்றிப் பதிவேட்டுக்குக் கவலை இல்லை.

எங்கள் பக்கத்தில் சேற்றில் நிற்கிற ஆள் பெரும்பாலும் வேறாகத்தான் இருப்பார். ஏனென்றால் இங்கே வயலும் வீடும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்கு வந்து, பெண்ணின் வயலை உழுவான். ஆகவே என் பட்டியலில் பாதிக்கு மேல் பெண்களின் பெயர்கள். கூட்டத்துக்கு வருகிறவர்களோ ஆண்கள். நான் ஒரு பெண்ணின் பெயரை வாசிப்பேன், மீசை வைத்த ஒருவர் "ஓம்" என்பார். புதிதாக வந்த உத்தியோகத்தர் ஒருவர் முதல் கூட்டத்தில் இதைக் கேட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே எழும்பிப் போனார். எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியது.

அக்காவின் பெயருக்கு "ஓம்" சொன்னவர் அத்தான்.

அத்தானுக்குச் சொந்த ஊர் சாம்பல்தீவு. அவருடைய தகப்பனிடம் ஒரு தோணியும் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் வெங்காயத் தோட்டமும் இருந்தன. கடலும் தெரியும், தோட்டமும் தெரியும், வயல் மட்டும் தெரியாது. அக்காவைக் கலியாணம் முடித்து வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. இரண்டரை ஏக்கர் வயலை அப்பா காட்டிவிட்டு, "இனி இது உங்கட பொறுப்பு" என்றார். அந்த முதல் மாரியிலேயே அத்தான் கட்டிய வரம்பு உடைந்து, எங்கள் தண்ணீர் முழுவதும் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. பக்கத்து வயல்காரன் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நான்தான். வக்கடை அடைக்கத் தெரியாத மாப்பிள்ளை என்று ஒரு வருடம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வக்கடை என்றால் வரம்பில் தண்ணீர் விடுவதற்கு வெட்டுகிற வாய். அதை அடைக்கச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும் என்பது எங்கள் ஊர்த் திமிர். அத்தான் கோபிக்கவே மாட்டார். "மச்சாள் காட்டித் தாங்கோவன்" என்பார். நானும் பெரிய ஆள் மாதிரி மண்வெட்டியை வாங்கிக் காட்டிக் கொடுத்தேன்.

அன்றைக்குத் தொடங்கிய பழக்கம். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கும் மேலாக நான் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அக்காவும் சொன்னாள். அக்கா குசினிக்குள் நின்றபடியே வயலை நடத்துவாள். எந்த நாள் விதைப்பது, எந்த ஆளைக் களை பிடுங்கக் கூப்பிடுவது, எந்த நெல்லை விதைக்கு வைப்பது எல்லாம் அவள் வாயிலிருந்து வரும். அத்தான் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போவார். எங்கள் வீட்டில் பெண்களுக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அது பொய்யில்லை.

சண்டை நடந்த காலத்தில் எல்லோரும் ஊரை விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது வயல் எது, காடு எது என்று தெரியவில்லை. எங்கள் இரண்டரை ஏக்கரில் ஆள் உயரத்துக்குப் பற்றை. மெசின் பிடித்துத் துப்புரவாக்க ஒருவரிடமும் காசு இல்லை. அத்தான் கத்தியும் மண்வெட்டியுமாகத் தனியே இறங்கினார். வேர் வேராகக் கிண்டி எடுத்தார். ஒருநாள் நான் சோறு கொண்டு போனபோது, கையை விரிக்க முடியாமல் இருந்தார். விரல்கள் கத்திப் பிடியைப் பிடித்தபடியே மடங்கிப் போயிருந்தன. நான்தான் ஒவ்வொரு விரலாக நிமிர்த்திவிட்டேன். அந்தப் போகம் விதைக்க முடியவில்லை. அடுத்த போகம் விதைத்தார். இரண்டாம் முறை அந்த வயலைப் பெற்றவர் அத்தான்தான். ஆனால் பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அக்கா செத்து ஆறு வருடமாகிறது. வயிற்றுக்குள் வந்த நோய். திருகோணமலை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தாள். கடைசிக் கிழமையில்கூட, கட்டிலில் கிடந்தபடி "கீழ் வரவைக்குப் பசளை எறிஞ்சாச்சோ" என்று கேட்டாள். தாழ்ந்த பக்கத்து வயல் துண்டைத்தான் கேட்டாள். எறிந்தாயிற்று என்று அத்தான் சொன்னார். எறியவில்லை. அவர் ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகரவே இல்லை, எப்படி எறிந்திருப்பார்? அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அடுத்த போகக் கூட்டத்தில் நான் பட்டியலை வாசித்துக்கொண்டு போனேன். பழக்கதோஷத்தில் அக்காவின் பெயரையும் எழுதி வைத்திருந்தேன். அந்த இடம் வந்தபோதுதான் அதைக் கண்டேன். அப்படியே வாசித்துவிட்டேன். மண்டபத்தில் எல்லோருக்கும் அவள் செத்தது தெரியும். பின்வரிசையிலிருந்து அத்தான் "ஓம்" என்றார். அவ்வளவுதான். நான் அடுத்த பெயரை வாசித்தேன்.

அதில் ஒருவருக்கும் நட்டமில்லை. வயல் அதே வயல், செய்கிறவர் அதே ஆள், மானியப் பசளை மூட்டைகள் அதே வயலில்தான் போய்ச் சேர்ந்தன. அக்கா போன பிறகும் என் பட்டியலில் அவள் போகத்துக்குப் போகம் விதைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு வந்தது பசளை இல்லாத காலம். கடைப் பசளை இனி வேண்டாம், இலை குழையும் சாணமும் போடுங்கள் என்றார்கள். ஊரில் இருந்த மாடுகள் எல்லாம் சேர்ந்து இரவு பகலாகச் சாணம் போட்டாலும் எங்கள் ஊர் வயல் கண்டத்துக்குக் காணாது. வயலில் நின்ற வேளாண்மை பாதி மஞ்சளாகி, பாதி பதராகிப் போனது. ஆட்கள் கமநலக் கந்தோர் வாசலில் போய் நின்று கத்தினார்கள். நானும் போய்க் கத்தினேன். அத்தான் வரவில்லை. அவர் வயலில் நின்று, தண்ணீரை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலம் போய், மானியம் திரும்பவும் வந்தது. ஆனால் இந்த முறை மூட்டை இல்லை. காசு நேரே வங்கிக் கணக்குக்கு வரும், நீங்களே வாங்கிப் போடுங்கள் என்றார்கள். பட்டியலில் பெயருக்கு எதிரே கணக்கு இலக்கமும் எழுத வேண்டும். அத்தான் அக்காவின் வங்கிப் புத்தகத்தை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். அந்த நேரத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். எழுதும்போது எனக்கு யோசனை வராது, எழுத்துத்தான் வரும். பார்த்து எழுதிவிட்டேன்.

காசு வந்தது. ஊரே வங்கிக்குப் போய் வரிசையில் நின்று எடுத்துக்கொண்டு வந்தது. அத்தானும் போனார். கணக்குக்காரி வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒன்றும் விளக்காமல் திரும்பி வந்து, நாகுக் கன்று ஒன்றை விற்று யூரியா வாங்கினார். அடுத்த போகத்துக்கும் காசு அக்காவின் கணக்கில் போய் விழுந்தது. அந்த முறை விற்கக் கன்று இல்லை. பாதிப் பசளைதான் எறிந்தார். அந்த முறை வேளாண்மை பார்க்கச் சகிக்காமல் இருந்தது. சுற்றிவரப் பச்சை, நடுவில் எங்கள் இரண்டரை ஏக்கர் மட்டும் வெளிறிப்போய்க் கிடந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அரசாங்கம் தந்த காசு ஒரு பக்கம் சும்மா கிடக்கிறது, வயல் இன்னொரு பக்கம் பட்டினி கிடக்கிறது. நேரே அத்தான் வீட்டுக்குப் போனேன்.

"இப்பிடியே எத்தனை போகத்துக்கு விடப் போறியள்? பேரை மாத்தினால் காசு உங்கட கணக்குக்கு வரும் தானே?"

"பாப்பம் மச்சாள்."

"என்னத்தைப் பாக்கிறது? நெல்லெல்லாம் பதராப் போன பிறகு பாப்பமோ?"

"இந்த மாரி போகட்டும்."

கந்தோர் என்றாலே ஆண்களுக்குக் காய்ச்சல் வரும் என்பது என் அபிப்பிராயம். அத்தானுக்கும் அந்தக் காய்ச்சல்தான் என்று நினைத்தேன். சோம்பல், பயம், படிவம் நிரப்பத் தெரியாத வெட்கம். இவருக்கு நான் செய்து கொடுக்காவிட்டால் யார் செய்து கொடுப்பது? அடுத்த நாளே அலுமாரியில் இருந்த அக்காவின் மரண அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கமநலக் கந்தோருக்குப் போனேன்.

அங்கே இருந்த உத்தியோகத்தர் சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னாள். பதிவேட்டில் பெயர் மாற்றலாம், கணவரின் பெயரைப் போடலாம், ஆனால் காணிக்கு உரித்துள்ளவர்கள் சம்மதம் தர வேண்டும், ஒரே மகள் என்றால் மகளுடைய கையெழுத்து வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அன்ரி, காணி ஆருக்குச் சேரும் எண்டு வீட்டில எல்லாரும் இருந்து கதைச்சனீங்களோ?"

"அது எங்கட வீட்டு விசயம். எனக்குத் தெரியும். நீங்கள் படிவத்தைத் தாங்கோ."

அந்தப் பெண் படிவத்தைத் தந்தாள். எங்கள் பக்கத்து வீடுகளில் அம்மா செத்ததும் வயலைப் பற்றி வாய் திறக்கிறதில்லை. மகள் கலியாணம் முடித்துவிட்டாள் என்றால், அம்மாவுக்குப் பிறகு வயல் அவளுக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தபடியே, தகப்பன் கை ஓயும்வரை அவரைச் செய்ய விட்டுவிடுவார்கள். ஒருவரும் எழுதிக் கேட்பதில்லை, ஒருவரும் எழுதிக் கொடுப்பதில்லை. எழுத்தில் வராதவரைக்கும் அது நல்லபடி நடக்கும். பன்னிரண்டு வருடம் செயலாளராக இருந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். என் வீட்டுக் காரியம் என்றதும் மறந்துவிட்டேன்.

படிவத்தை வீட்டில் வைத்து அழகாக நிரப்பினேன். கையெழுத்து வாங்க வயலுக்கே போனேன். அத்தான் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைக் கழுவி இடுப்புச் சாரத்தில் துடைத்தார். படிவத்தை வாங்கி நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடி இல்லாமல் தடுமாறுகிறார் என்று நினைத்தேன்.

"கண்ணாடி கொண்டு வரேல்லையோ? வாசிக்க ஒண்டுமில்லை, எல்லாம் நான் நிரப்பியிருக்கிறன். இதில வையுங்கோ."

அவர் வைத்தார். பேனையைத் திருப்பித் தரும்போது ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. எனக்குத் தபால் கந்தோர் பூட்டமுன் போய்ச் சேர வேண்டும். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

பெறாமகள், அதாவது அக்காவின் மகள், புருஷனோடு திருகோணமலை ரவுணில் இருக்கிறாள். தொலைபேசியில் சொன்னபோது, "அப்பாவுக்குத்தானே சின்னம்மா, அனுப்புங்கோ, வைச்சு அனுப்புறன்" என்றாள். குழந்தை மனசு அவளுக்கு. படிவத்தை அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்த நேரம் அவள் வேலையில் இருந்திருக்கிறாள். உறையைப் பிரித்தது மருமகன்.

மருமகனைக் கெட்டவன் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். அவன் கெட்டவன் இல்லை. லொறி ஒன்று எடுத்து, ஓடி, அது சரிவராமல் கழுத்தளவு கடனில் நின்றான். அந்த நேரத்தில் இரண்டரை ஏக்கர் வயல் தன் மனைவிக்கு வர இருந்தது என்று ஒரு படிவம் வந்து சொன்னால், எந்த மனிதன்தான் இரண்டாம் முறை வாசிக்காமல் இருப்பான்? அவன் வாசித்தான். கலியாணப் பேச்சின்போது, அம்மாவுக்குப் பிறகு வயல் மகளுக்கு என்று சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. அதைச் சொன்னது யார் என்றும் நினைவு வந்தது. எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"சின்னம்மா, நீங்கள்தானே அண்டைக்குச் சபையில வைச்சுச் சொன்னனீங்கள்?"

ஆம், நான்தான் சொன்னேன். வாய் நீளம் என்றேனே.

சம்மதக் கையெழுத்துக்குப் பதிலாக, பெறாமகளின் பெயரில் ஆட்சேபனைக் கடிதம் வந்தது. கமநலக் கந்தோரில் விசாரணை வைத்தார்கள். ஒரு நீட்டு மேசை, ஐந்து கதிரை. ஒரு பக்கம் பெறாமகளும் மருமகனும். அவள் தலை நிமிரவே இல்லை. மற்றப் பக்கம் அத்தானும் நானும். வேர் கிண்டிய கதையை, விரல் மடங்கிய கதையை எல்லாம் சொல்வதற்கு மனதில் அடுக்கி வைத்திருந்தேன். உத்தியோகத்தர் அத்தானிடம் கேட்டாள்.

"ஐயா, நீங்கள் ஏதாவது சொல்லப் போறீங்களோ?"

"மகளுக்குத்தான் சேர வேணும்" என்றார் அத்தான்.

நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். அவர் மெதுவாக என் கையை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. வெளியே வந்ததும் மருமகன் அத்தானின் பக்கத்தில் வந்து, "மாமா, நீங்கள் இருக்கும்வரைக்கும் நீங்கள்தான் செய்யுங்கோ, இது பேருக்குத்தான்" என்றான். அவன் அதைச் சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். கடன்காரர் வீட்டு வாசலுக்கு வரும்வரைக்கும் எல்லோரும் உண்மையாகத்தான் சொல்வார்கள்.

பெரும்போகம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முதல், வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டான். எடுத்தவர் எங்கள் ஊர்க்காரர்தான். இரண்டு உழவு மெசின் வைத்திருக்கிறார். மூன்று வருடக் குத்தகையை ஒரேயடியாகக் கையில் கொடுத்தாராம். அந்தப் போகக் கூட்டத்தில் நான் பெறாமகளின் பெயரை வாசித்தேன். குத்தகைக்காரர் "ஓம்" என்றார். வேறு என்ன சொல்வார்? பட்டியலில் புதுப்பெயரை என் கையால்தான் எழுதியிருந்தேன். அழகாகத்தான் இருந்தது.

அத்தானுக்கு விடியமுன் எழும்பி வயலுக்குப் போவது முப்பது வருடப் பழக்கம். குத்தகை போன பிறகும் போனார். ஒன்றும் செய்யமாட்டார், வரம்பில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். ஒருநாள் திறந்து கிடந்த வக்கடை ஒன்றைக் கண்டு, பசளை எல்லாம் தண்ணீரோடு போகிறதே என்று அடைத்திருக்கிறார். குத்தகைக்காரரின் ஆள் ஒருவன் தூரத்திலிருந்து கத்தினான்.

"ஐயா, அதுக்குள்ள உங்களுக்கு என்ன வேலை?"

இதை நான் பக்கத்து வயல்காரர் சொல்லித்தான் அறிந்தேன். அத்தான் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு பையில் உடுப்புகளை அடைத்துக்கொண்டு சாம்பல்தீவுக்குப் போய்விட்டார். வீட்டிலேயே இருங்கள் அப்பா என்று பெறாமகள் அழுதிருக்கிறாள். அந்த வீடும் சீதன வீடுதானே. எங்கள் வழக்கத்தில் ஆணுக்கென்று ஒரு வீடு கிடையாது. பிறந்த வீடு சகோதரிக்குப் போகும், வாழ்ந்த வீடு மகளுக்குப் போகும். நடுவில் உள்ள வருடங்களில் மனைவி உயிரோடு இருந்தால் அவன் வீட்டுக்காரன். அந்த வழக்கத்தில் வாழ்ந்து, அதன் வசதி எல்லாவற்றையும் அனுபவித்து, என்னுடைய வீட்டின் கதவைத் தாழ்ப்பாள் போடும் எனக்கு, இது ஒருநாளும் உறைத்ததில்லை.

ஏழு மாதம் நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. மருமகனில் கோபம், குத்தகைக்காரரில் கோபம், ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த அத்தானில் கோபம். என்னில் மட்டும் கோபம் வராமல் பார்த்துக்கொண்டேன். அது வந்தால் தாங்க மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

இதற்கிடையில் அக்காவின் கணக்கில் கிடந்த இரண்டு போக மானியக் காசையும் பெறாமகள் எழுத்து வேலைகள் எல்லாம் செய்து எடுத்துவிட்டாள். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து அதை ஒரு உறையில் வைத்துத் தந்தாள். "இது அப்பா விதைச்சதுக்கு வந்த காசு, அப்பாட்டக் குடுங்கோ சின்னம்மா, நான் குடுத்தால் வாங்கமாட்டார்" என்று அழுதாள். எனக்கும் போக ஒரு சாட்டுக் கிடைத்தது. மூதூர், கிண்ணியா என்று இரண்டு பஸ் மாறி, ரவுணில் இறங்கி, சாம்பல்தீவுக்கு இன்னொரு பஸ் எடுத்துப் போனேன்.

மத்தியானம் கழிந்திருந்தது. அத்தான் தன்னுடைய தங்கச்சியின் வீட்டுத் தோட்டத்தில் வெங்காயப் பாத்திக்குக் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மெலிந்து போயிருந்தார். "வாங்கோ மச்சாள்" என்று குழாயைக் கீழே போட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு கதிரை கொண்டுவந்து மரநிழலில் போட்டார். தான் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார். தங்கச்சி தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"இந்த முறை மழை எப்படி?" என்று கேட்டார்.

"பரவாயில்லை."

"கீழ் வரவை?"

"நல்லாத்தான் நிக்குது."

"நல்லா நிக்கும். பசளை எறிஞ்சால் அந்த மண் நல்லாத் தரும்" என்றார்.

உறையைக் கொடுத்தேன். என்ன காசு என்று சொன்னேன். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்து, அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கொண்டுவந்த வேலை முடிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு எழும்பியிருக்கலாம்.

"அத்தான், நான் பிழை விட்டிட்டன்" என்றேன்.

"சீச்சீ. நீங்கள் எனக்கு நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்."

நெஞ்சிலிருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்கத்தான் ஏழு மாதமும் காத்திருந்தேன் போல. உடனே பழைய வாய் திரும்பி வந்துவிட்டது.

"வாசிச்சுப் பாத்திட்டு வைச்சிருக்கலாமே அத்தான். கண்ணாடி இல்லாமல் வைச்சு, இப்ப பாருங்கோ."

"வாசிச்சனான்" என்றார் அத்தான்.

நான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எல்லாம் வாசிச்சனான் மச்சாள். மகளின்ர சம்மதம் வேணும் எண்டு கிடந்தது. மருமகனின்ர நிலைமை எனக்குத் தெரியும். அந்தக் கடிதாசி அங்க போனால் வயல் போகும் எண்டும் தெரியும். அதுதான் கனகாலமாப் பாப்பம் பாப்பம் எண்டு இழுத்தனான்."

"அப்ப ஏன் கையெழுத்து வைச்சனீங்கள்? ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே."

அவர் பாத்தியைப் பார்த்தார். குழாயிலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. எழும்பிப் போய் அதை அடுத்த பாத்திக்கு மாற்றிவிட்டுத் திரும்பி வந்து இருந்தார். அவருடைய குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"உங்கட வீட்டுக்கு வந்த நாளிலயிருந்து சொன்னதைச் செய்து பழகிட்டன். மாமா சொன்னார், அக்கா சொன்னா, நீங்கள் சொன்னனீங்கள். ஒருதரும் என்னட்டக் கேட்டதில்லை. நானும் வாய் திறந்து சொன்னதில்லை, அது என்ர பிழை. அண்டைக்கும் நீங்கள் வையுங்கோ எண்டனீங்கள். வைச்சன்."

எத்தனை வருடம். இந்த மனிதனிடம் நான் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். எப்படி வரம்பு கட்டுவது, எந்தக் கடையில் யூரியா வாங்குவது, எங்கே கையெழுத்து வைப்பது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை அன்றைக்கு, அது ஒன்றுக்கும் உதவாத நேரத்தில் கேட்டேன்.

"அந்த வயல் உங்களுக்கு அவ்வளவு வேணுமாய் இருந்ததோ அத்தான்?"

"எனக்கு வேற என்ன மச்சாள் இருந்தது?" என்றார்.

நான் அழுதேன். அத்தான் அழவில்லை. என் தேத்தண்ணீர் ஆறிப் போனதைப் பார்த்து உள்ளே கொண்டுபோய் வேறு கொண்டுவந்து தந்தார். பொழுதுபடுகிறது, மூதூர்ப் பக்கம் போகிற பஸ்ஸை விட்டுவிடுவீர்கள் என்று சொல்லி, அவர்தான் என்னை எழுப்பி, வீதிவரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.